வலது பக்கத் தூக்கம்

"இனிமே என்னால ஆவாதுங்க, டீச்சர்" என்றான் செங்கோடன்.

தோளில் இருந்த பையை இன்னும் இறக்கவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. இதைச் சொல்வதற்காகத்தான் திருச்செங்கோட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிக் கன்னியாகுமரிப் பக்கம் வந்து சேர்ந்திருந்தான்.

வனஜாபாய் முற்றத்தில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இரி" என்றார்.

"நாளைக்கு நான் நடக்கலீங்க."

"செரி. இரி."

உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கண் சொருகியது. பதறி எழுந்து நின்றுகொண்டான்.

"ஏன் எந்திச்ச?"

"உக்காந்தா ஆபத்துங்க."

அவர் கையிலிருந்த மீனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மீனின் கண் இவன் கண்ணைவிடத் தெளிவாக இருந்தது.

நடைப் பந்தயம் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஓடக் கூடாது. ஓடுகிறவனின் அவசரத்தோடு நடக்க வேண்டும். எந்நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒருசேர நிலத்தை விட்டு எழும்பியதை நடுவர் கண்டுவிட்டால் சிவப்புச் சீட்டு எழுதுவார். மூன்று நடுவர்கள் எழுதினால் வெளியே போக வேண்டியதுதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. நடுவர் வெறுங்கண்ணால்தான் பார்க்க வேண்டும். கருவி வைத்து அளந்து குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத குற்றம் குற்றமே இல்லை. இப்படி ஒரு நியாயம் உலகத்தில் ஒரு விளையாட்டிலாவது மிஞ்சியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

செங்கோடன் போர் போடும் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டர். வயது முப்பத்து மூன்று. நாளைக் காலை நடக்கப்போவது மாநில அணிக்கான தேர்வு. அடுத்த தேர்வு வருவதற்குள் அவனிடம் வயது மட்டும்தான் கூடியிருக்கும். அது அவனுக்கும் தெரியும்.

வனஜாபாய் அவனைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். முன்பு நடுவராக இருந்தார். ஒரு போட்டியில், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், செங்கோடனுக்கு எதிராக மூன்றாவது சீட்டை எழுதியவர் அவர்தான்.

வேறு யாராக இருந்தாலும் ஏசியிருப்பான். இவன் அவர் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் போனான்.

"எந்தக் கண்ணு என்னைய வெளிய அனுப்புச்சோ, அந்தக் கண்ணு எனக்கு வேணுமுங்க."

"எனக்க ஊரு தூரம்லா" என்றார் அவர்.

"போன் இருக்குதுங்களே."

அப்படித்தான் அந்தக் குருகுலம் ஆரம்பித்தது. குரு கடலோரத்தில், சீடன் மலையடிவாரத்தில், நடுவில் டவர்.

ஒரு விளையாட்டுச் சங்கம், சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கருவிகளைக் கொடுத்தது. மார்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. அது நெஞ்சுத் துடிப்பை எண்ணும். மணிக்கட்டில் ஒரு வாட்ச். வேர்த்தது முதல் தூங்கியது வரை எல்லாவற்றையும் கணக்கு வைக்கும். இரண்டு ஷூவிலும் பொட்டு அளவுக்கு ஒரு சில்லு. பாதம் எப்போது தரையைத் தொட்டது, எப்போது விட்டது என்று சொல்லும். ஒன்றுக்கும் கம்பி கிடையாது. அவன் அங்கே நடந்தால் இவர் இங்கே போனில் பார்த்துவிடுவார்.

பார்த்துவிட்டு ஒரு வரி எழுதி அனுப்புவார். அதிகம் பேசுவது அவர் வழக்கமில்லை.

"சரிங்க டீச்சர்" என்று அவனும் ஒரு வரி அனுப்புவான். ஏன் என்று கேட்பது அவன் வழக்கமில்லை.

இந்த இரண்டு நல்ல வழக்கங்களும் சேர்ந்து ஒரு மனிதனை எந்தப் பாடு படுத்த முடியும் என்பதுதான் கதை.

செங்கோடன் பையைத் திறந்தான். பட்டையை எடுத்து வைத்தான். ஷூ இரண்டையும் எடுத்து வைத்தான். வாட்சைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். கோயிலில் நேர்ந்துகொண்டதை வைக்கிறவன்போல ஒவ்வொன்றையும் ஒழுங்காக வைத்தான்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

தரையில் கிடந்த வாட்ச் ஒரு முறை அதிர்ந்தது. 'உடனே ஓய்வெடுக்கவும்' என்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"ஏன் முடியாது? சொல்லு."

"நீங்க சொன்னத ஒண்ணு உடாம செஞ்சனுங்க. ஒரு நாளும் தவறுல. ஆனா ஒடம்பு கேக்க மாட்டேங்குது. இதுக்கு மேல கொறைக்க எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க."

"கொறையல்லியே மக்கா. நானும் பாத்துட்டுத்தானே இருக்கேன். கூடத்தான் செய்யுது."

"கூடுதுங்களா? இன்னுமா?"

"போன வாரம் ரொம்ப."

இத்தனை பாடுபட்டும் கூடுகிறதென்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் வரி பங்குனியில் வந்தது.

'தூக்கம் கூடுதல். குறைக்கணும்.'

செங்கோடன் அதைப் பட்டறையில் டீ குடிக்கும்போது படித்தான். அந்த நாளில் அவன் ஒன்பது மணிக்குப் படுத்தால் விடிந்துதான் எழுந்திருப்பான். வாட்ச் தினமும் காலையில் பச்சை காட்டிப் பாராட்டும். அந்தப் பாராட்டைப் பார்த்துத்தான் டீச்சர் கண்டித்திருக்கிறார் என்று நினைத்தான்.

யந்திரம் சபாஷ் போடுகிறது, குரு போதாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அவன் நல்ல சீடன். குரு பேச்சைக் கேட்டான்.

இரவில் மொட்டை மாடியில் நடந்தான். கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

அடுத்த வரி வந்தது.

'கடைசியிலதான் கூடுது. அங்க பிடி.'

கடைசித் தூக்கம் என்றால் விடியற்காலைத் தூக்கம். அதுதானே மனிதனைக் கெடுப்பது. மூன்று மணிக்கு அலாரம் வைத்தான்.

அதற்கும் அடுத்த வரி.

'வலது பக்கம் தூக்கம் ரொம்ப. கவனி.'

இதைப் படித்ததும் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது டீச்சருக்கு எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து இடது பக்கம்தான் படுத்தான். தூக்கத்தில் தானாக வலது பக்கம் புரண்டுவிடுவான் என்று மனைவி வசந்தாமணி தலையணைகளை அண்டை கொடுத்தாள்.

"அந்தம்மா உங்கள நடக்கச் சொல்றாங்களா, காவலுக்கு இருக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாது. அவுங்க ஒண்ணு சொன்னா அதுல ஒண்ணு இருக்கும்."

இருந்தது. அது வேறொன்று.

"அதையும் ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னங்க?"

கேட்டான். இத்தனை மாதத்தில் அவன் கேட்ட ஒரே கேள்வி அது.

'டீச்சர், தூக்கத்த முழுசா உட்டறட்டுங்களா?'

பதில் உடனே வந்தது.

'முழுசா யாராலயும் முடியாது. கண்ணுக்குத் தெரியாம இருந்தா போதும்.'

செங்கோடன் அதை வசந்தாமணிக்குக் காட்டினான். "பாத்தியா? எத்தன பெரிய வார்த்த" என்றான். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத மனைவியை நம்பக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அவன் கண்ணுக்குத் தெரியாமல் தூங்கப் பழகினான். வெல்டிங் மாஸ்க்கை முகத்தில் இறக்கிவிட்டு நின்றபடியே ஒரு கணம் தூங்குவான். மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கையைச் சுட்டுக்கொண்டான். அப்போதுதான் தெரிந்தது. முதலாளி அவனை வெல்டிங்கிலிருந்து எடுத்து போல்ட் முடுக்கப் போட்டார்.

வாட்சில் பச்சை போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. டீச்சரிடமிருந்து மட்டும் அதே வரி வந்துகொண்டிருந்தது.

'இன்னும் குறையல்ல.'

"நட. ஒரு தடவ பாக்கேன்" என்றார் வனஜாபாய்.

"வேண்டாமுங்க டீச்சர்."

"ஒரே ஒரு தடவ. பொறவு நீ இருந்தாலும் செரி, போனாலும் செரி."

வீட்டு முன்னால் புதிதாகப் போட்ட சிமெண்டுப் பாதை ஒன்று, கீழே பெரிய சாலை வரை போனது. நாளை பந்தயம் அந்தச் சாலையில்தான். மைக் செட்டுக்காரர்கள் இப்போதே கம்பத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

செங்கோடன் ஷூவை மாட்டினான். கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தான்.

"செங்கோடா."

"இல்லீங்க, முழிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க."

அவன் நடந்தான்.

வனஜாபாய் பார்க்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து மீன் கையோடு கண்ணை மூடிக்கொண்டார். நடுவராக இருந்தபோது கண்ணால் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிறகு காதால் பார்க்கக் கற்றுக்கொண்டவர் அவர். ஒழுங்கான நடை என்றால் சத்தம் அறுபடாமல் வரும். ஒரு பாதம் முடிக்கிற இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

இவன் சத்தத்தில் நடுவே ஒரு ஓட்டை இருந்தது. வலது பாதம் விட்டதற்கும் இடது பாதம் தொட்டதற்கும் நடுவில்.

அவன் திரும்பி வந்து நின்றான். மூச்சு இரைத்தது.

"தூக்கம் இருக்கு" என்றார் வனஜாபாய்.

செங்கோடன் அவரிடம் அதுவரை குரலை உயர்த்தியதில்லை.

"இருக்குதுங்களா? எங்கீங்க இருக்குது? நேத்து ரவைக்கு ரயில்ல அத்தன பேரும் படுத்துட்டாங்க. நான் கதவோரம் நின்னுட்டே வந்தனுங்க. வெங்காயத்தக் கசக்கிக் கண்ணுல தேச்சுட்டு வந்தனுங்க. ஒரு பொட்டு மூடல. இன்னும் எந்த மூலைலீங்க தூக்கம் இருக்குது?"

வனஜாபாய் திரும்பினார்.

"கண்ண எதுக்கு மூடல்ல?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"தூக்கத்தக் கொறைக்கச் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். காலுத் தூக்கத்த."

"காலுங்களா?"

வனஜாபாய் இரண்டு உள்ளங்கையையும் சிமெண்டில் வைத்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். மற்றதை எடுத்தார், வைத்தார். பிறகு இரண்டையும் ஒன்றாக மேலே எடுத்தார். ஈரக் கைகள் அந்தரத்தில் நின்றன.

"தூக்கம்" என்றார்.

அவன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப... ராத்திரி படுத்துத் தூங்கறதுங்க?"

"அது ஒறக்கம்லா."

காக்கை ஒன்று இறங்கி வந்து சட்டியிலிருந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

சேலம் பக்கத்து மைதானங்களில் கால் எழும்புவதை 'லிஃப்ட்' என்பார்கள். வனஜாபாய்க்கு அந்த வார்த்தை வாயில் வராது. அவர் ஊர்ப்பக்கம் பங்குனி பரணிக்கு ஒரு கோயில் திருவிழா. உயரமான வில் மரத்தில் ஆட்களைக் கட்டி, அவர்கள் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுத்து, ஆகாயத்துக்கு ஏற்றிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். அந்தத் திருவிழாவுக்குப் பெயரே தூக்கம். பிறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் என்றால் நிலத்தை விட்டு மேலே போவது. கண்ணை மூடுவது உறக்கம். ஒரே மொழிதான். ஆனால் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது!

செங்கோடன் போனை எடுத்தான். பழைய வரிகளைத் தேடி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான்.

"கடைசியிலதான் கூடுது. அங்க பிடி."

"கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல."

"நான் மூணு மணிக்கு அலாரம் வெச்சனுங்க."

"வலது பக்கம்னு எழுதினது வலது காலு மக்கா."

"நான் வலது பக்கம் படுக்கறதயே உட்டுட்டனுங்க. அவ தலையணைய அண்டை குடுத்தா."

வனஜாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு நின்றபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

அவர் சிரிப்பும் நின்றது.

"டீச்சர்."

"சொல்லு."

"நீங்க எல்லாத்தையும் பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க? வாட்ச்சு எல்லாத்தையும் அனுப்புமுங்களே. நான் தூங்காதது உங்களுக்குத் தெரியலீங்களா?"

வனஜாபாய் கையைக் கழுவினார். கழுவின கையை மறுபடியும் கழுவினார்.

"தெரிஞ்சுது" என்றார். "போன்ல மேல காலு. நடுவுல நெஞ்சு. கீழ ஒறக்கம். பச்சையா இருந்தது. மஞ்சளாச்சு. பொறவு செவப்பாச்சு."

"அப்பறமுங்க?"

"நான் காலப் பாத்துட்டு இருந்தேன்."

அவன் தரையில் கிடந்த வாட்சைப் பார்த்தான்.

"வீட்டுல ஏதோ சோலியா இருக்கும்னு வச்சேன். கேட்டா ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு கேக்கல்ல" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல மக்கா, அது பொய்யாக்கும். கேக்கணும்னு எனக்குத் தோணல்ல."

இந்த இடத்தில் செங்கோடன் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"ஒறங்காதவனுக்குக் காலு தன்னால எழும்பும்" என்றார் வனஜாபாய். "நீ ஒறக்கத்தக் கொறச்சே. தூக்கம் கூடிச்சு. நான் பின்னையும் கொறைக்கச் சொன்னேன். நீ பின்னையும் கொறச்சே."

கீழே சாலையில் மைக் செட்டைச் சோதித்தார்கள். ஹலோ, ஹலோ என்றது குழாய்.

அந்தச் சத்தம் கேட்டதும் செங்கோடனின் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது.

"டீச்சர், இப்பத்தான் தெரிஞ்சு போச்சுங்களே. என்ன தப்புன்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் ராத்திரி முழுசா இருக்குது. நாளைக்கு நடந்தர்லாமுங்களா?"

அவர் உள்ளே போய்ப் பாயைக் கொண்டுவந்து காற்று வரும் இடமாகப் பார்த்து விரித்தார்.

"படு."

"எத்தன மணி நேரமுங்க?"

"படு."

"வலது பக்கமுங்களா, இடது பக்கமுங்களா?"

வனஜாபாய் ஒரு கணம் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"எனக்க தெய்வமே. ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிக் கெட."

அவன் படுத்தான். படுத்தவன் கையை நீட்டித் தரையில் கிடந்த வாட்சைத் தேடி எடுத்து மணிக்கட்டில் கட்டப்போனான்.

"அந்தச் சவத்த இனி எதுக்குக் கெட்டுக?"

"கட்டாட்டிப் பதியாதுங்க. நான் தூங்குனனா இல்லையான்னு காலைல எப்பிடித் தெரியும்?"

அவர் கையை நீட்டினார். அவன் தயங்கிக் கொடுத்தான். அவர் அதைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

"பதியும்" என்றார். "இனி ஒறங்கு."

"நாலு மணிக்கு எழுப்பீருங்க, டீச்சர். ஆறு மணிக்கு ஆரம்பமுங்க."

"எழுப்புகேன்."

"மறந்தராதீங்க. எனக்கு இதுதான் கடைசிங்க."

"தெரியும் மக்கா."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாய் திறந்தபடியே இருந்தது. அவன் தூங்கிவிட்டான். மீன் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. வெயில்கூட இறங்கவில்லை.

அவன் கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

முதல் காரியமாகப் போனை எடுத்துப் பார்த்தான். சிவப்பாக இருந்தது.

'நேற்று இரவு நீங்கள் தூங்கவே இல்லை. இன்று கடுமையான பயிற்சி வேண்டாம்.'

தூங்கவே இல்லையா நான்?

உடம்பு உடனே கனத்தது. தலை வலிப்பதுபோல இருந்தது. நேற்றைய அலுப்பெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் கன்னத்தைத் தேய்த்தான். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வலது கன்னம் முழுக்கப் பாயின் கோரைத் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தான்.

நிலைப்படியில் சாய்ந்து வனஜாபாய் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

கீழே சாலையில் குழாய் கரகரத்தது. யாரோ பேர்களை வாசித்தார்கள். முதலாவதாக வந்தவர். இரண்டாவதாக வந்தவர். மூன்றாவதாக வந்தவர். கைதட்டல் கேட்டது.

செங்கோடன் கடைசிப் பேர் வரைக்கும் கேட்டான். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நேற்று அழுததுபோல இல்லை. நேற்று அழுதது களைப்பு. இது துக்கம். நன்றாகத் தூங்கி எழுந்தவனால்தான் இப்படி அழ முடியும்.

வனஜாபாய் அவனைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

"எழுப்பறேன்னு சொன்னீங்களே, டீச்சர்" என்றான் கடைசியில்.

"எழுப்பினேன்."

"எப்பங்க?"

"நாலு மணிக்கு. வெளக்கப் போட்டேன். தோளத் தொட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்."

"நான் எந்திரிக்கலீங்களா?"

"கண்ணத் தொறந்த. என்னையப் பாத்த. ஒரு வார்த்த சொன்ன."

"என்னங்க சொன்னேன்?"

"'டீச்சர், தூக்கம் வருதுங்க'ன்னு சொன்ன."

அவன் கன்னத்துத் தடத்தைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தான்.

"நீங்க என்னங்க செஞ்சீங்க?"

"எனக்குப் புரிஞ்சுது" என்றார் வனஜாபாய். "வெளக்க அணைச்சேன்."